தனித்து உண்ணும் மாணவன்

ஆவணி மாதம் பிறந்துவிட்டால் நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலே ஒருவகைப் பரபரப்புத் தோன்றிவிடுகிறது. மேற்படிப்பின் பொருட்டு மகனோ மகளோ இங்கிலாந்துக்குப் புறப்படும் காலம் அது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலே பெட்டிகளை நிறுக்கும் இடத்திலே சிறிது நேரம் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். அப்பெட்டிகளிலே புத்தகங்களைக் காண்பது அரிது. வறுத்து இடித்த மிளகாய்த்தூளும், அரிசிமாவும், பயற்றம் பணியாரமும், முறுக்கும், ஊறுகாயுமே நிறையிற் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளுகின்றன. இதனைக் கண்டு நகைப்பாரும் உளர். நான் நகைப்பதில்லை. புதிய தேசத்திலே பிள்ளைக்கு முதலில் நேரும் துன்பம் நாவிலே தொடங்கும் என்பதனை நம் தாய்மார் நன்கு அறிந்துதான் இவற்றைக் கட்டி அனுப்புகிறார்கள். ஆனால் அத்துன்பம் நாவோடு நின்றுவிடுவதில்லை. நாட்பட உடம்பையும் பின்னர் மனத்தையும் அது பற்றுகிறது. அந்த நிலையிலே மிளகாய்த்தூள் உதவுவதில்லை. பெட்டியிலே வைத்து அனுப்ப முடியாத பொருள் ஒன்று அப்போது வேண்டியிருக்கிறது. உடனிருந்து உண்பவர்களையே சொல்லுகிறேன்.

இதனை விளக்குதற்கு இரண்டு மாணவர்களின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். இருவரும் இந்தியர். இருவரும் மரக்கறி உணவன்றிப் பிறிதொன்றும் உண்ணாதவர். இளம் மனைவியை ஊரிலே விட்டுக் கப்பலேறியவர். ஒருவர் 1888ஆம் ஆண்டு சென்று 1891ஆம் ஆண்டு நல்ல தேகசுகத்தோடு திரும்பினார். மற்றவர் 1914ஆம் ஆண்டு சென்று 1919ஆம் ஆண்டு பெரும் புகழோடும் தீராத நோயோடும் திரும்பி, மறு ஆண்டிலே உயிர் நீத்தார். முதல்வர் காந்தியடிகள், இரண்டாமவர் கணித மேதை இராமானுஜன்.

காந்தியடிகள் தமது சுயசரிதையிலே இம்மாணவப் பருவத்தைப்பற்றி ஒளிவு மறைவின்றி எழுதியுள்ளார். மகாத்துமா என்ற பெயரை மறந்துவிட்டு, பதினெட்டு வயதுக் கூச்சமுள்ள பையன் ஒருவனின் கதையாக அதனைப் படித்தல் வேண்டும். மதுவையும், மங்கையரையும், மாமிசத்தையும் தீண்டுவதில்லை என்று தாயின் முன்னிலையிலே சத்தியஞ் செய்துவிட்டு 1888ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி பம்பாயிலிருந்து புறப்பட்டார். கப்பலின் உணவுச்சாலையிலே எந்தப் பதார்த்தம் மாமிசம் கலவாதது என்று கேட்டறிய ஆங்கிலமும் துணியவில்லை, நாவும் எழவில்லை. ஆகவே தம் அறையிலேயே அடைந்திருந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன பணியாரங்களையும் பழங்களையும் உண்டே பெரும்பாலும் காலங் கழித்தார். நம் பிள்ளைகளின் பெட்டியிலுள்ள முறுக்கை இவ்விடத்திலே நினைத்துக்கொள்ளுங்கள்.

இலண்டனை அடைந்தபின் பசி இன்னும் வளர்ந்தது. காலையிலே ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பும். மதியமும் இரவும் உப்புக் காரமின்றி அவித்த பசளிக்கீரையும், பாணும், பழப்பாகும் கிடைக்கும். இரண்டு மூன்று பாண் துண்டுகளுக்கு மேற் கேட்க வெட்கம். குடியிருந்த வீட்டிலே அம்மையாரின் பெண்மக்கள் இரங்கி மேலும் ஓரிரு துண்டுகள் வைப்பார்களாம். முழுப் பாணையும் வைத்தாலன்றி அந்த வயிறு நிரம்பாது என்பது அவர்களுக்குத் தெரியாது. இரவிலே தாயை நினைத்துக் கண்ணீர் வடித்தார் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். மாமிசம் உண்ணாவிட்டால் இந்தக் குளிரிலே உடம்பு நில்லாது என்று நண்பர் ஒருவர் ஓயாது வற்புறுத்திவந்தார். அந்நண்பரே ஒருநாள் பெரிய உணவுச்சாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். முதலில் வந்த சூப்பிலே மாமிசம் உண்டா என்று காந்தியார் பரிசாரகனிடம் விசாரிக்கத் தொடங்கவே நண்பர் சினங்கொண்டு, நாகரிகமாக நடந்துகொள்ள முடியாவிட்டால் வெளியே போய்க் காத்திருக்கும்படி சொல்லிவிட்டார். வெளியே வந்தவர் அருகிலிருந்த மரக்கறி உணவகத்துக்குச் சென்றால் அதுவும் பூட்டிக் கிடந்தது. அன்றிரவு பட்டினி. ஆயினும் நண்பரோடு நாடகம் பார்க்கப் போனார். இருவரும் அச்சம்பவத்தைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. உணவு வேறுபாடு ஒரு மாணவனை எவ்வளவு எளிதில் நாணத்துக்கும் தனிமைக்கும் தள்ளிவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்நிலையிலிருந்து அவரை மீட்டது யாது? கால்நடை என்றே முதலிற் சொல்லவேண்டும். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து மரக்கறி உணவகம் தேடி அலைந்தவர், ஒருநாள் பாரிங்டன் வீதியிலே ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கேதான் இங்கிலாந்துக்கு வந்தபின் முதன்முறையாக வயிறார உண்டார். அவ்வுணவகத்தின் வாயிலிலே விற்பனைக்கு வைத்திருந்த சிறு நூலொன்றை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். மரக்கறி உணவை ஆதரித்து ஹென்றி சால்ட் என்னும் ஆங்கிலேயர் எழுதியது அது. அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்கிற்காக மாமிசத்தை விலக்கியவர், அதன் பின்னர் தம் சொந்த விருப்பத்தால் விலக்கலானார். அதனினும் முக்கியமானது, தம்மைப்போல் உண்பவர்கள் அந்நாட்டிலும் இருக்கிறார்கள் என்று கண்டுகொண்டமை. இலண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தின் நிருவாக சபையிலே அங்கத்தவரானார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியிலே ஒரு மரக்கறிக் கழகம் அமைத்துத் தாமே காரியதரிசியாக இருந்தார். வாய்திறந்து நான்கு வார்த்தை பேச நடுங்கிய இளைஞனுக்கு, சபை நடத்தும் பயிற்சியை முதலில் அளித்தது சோற்றுப் பிரச்சினைதான் என்றால் மிகையாகாது.

பின்னர் அவர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அடுப்பு ஒன்றும் வாங்கிக்கொண்டார். காலையிலே ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே ஆக்கிக்கொள்வார். மதியம் வெளியே உண்பார். இரவுக்குப் பாணும் கொக்கோவும். ஒரு நாட் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். ஊரிலிருந்து வருவித்த பணியாரங்களையும் வாசனைச் சரக்குகளையும் நிறுத்திவிட்டார். முன்பு வாயில் வைக்க முடியாதிருந்த அதே அவித்த பசளி இப்போது சுவைத்ததாம். சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என்று அவர் முடிவு செய்கிறார். இம்முடிவை நான் முழுதும் ஒப்புவேன் என்று சொல்ல மாட்டேன். உப்பில்லாத கீரையை மனத்தினால் மட்டும் உண்டுவிட எல்லாராலும் இயலாது. ஆனால் மனம் நிலைகொண்ட பின்னரே அந்தக் கீரை அவருக்குச் சுவைத்தது என்பது உண்மை.

அக்காலத்து பாரிஸ்டர் படிப்பைப்பற்றி இங்கே ஒரு செய்தி கூறவேண்டும். பரீட்சையிற் சித்தியடைந்தால் மட்டும் போதாது. சட்ட மாணவர் சங்கத்திலே குறித்த எண்ணிக்கையான இராப்போசனங்களுக்குச் சமுகமளித்தே தீரவேண்டும். சேர்ந்து உண்பதைக் கல்வியின் ஓர் அங்கமாகவே வைத்திருந்தார்கள். நால்வருக்கு இரண்டு போத்தல் மது என்ற கணக்கிலே அங்கே பரிமாறப்படும். காந்தியார் மது அருந்தாதவராகையால், அவரைத் தம் மேசையிலே சேர்த்துக்கொள்ள மற்றவர்களுக்குள்ளே போட்டி நிகழுமாம்! குடியாதவனுக்கும் பந்தியிலே இடமிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி இராமானுஜனிடம் வருவோம். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆந் திகதி சென்னையிலே கப்பலேறியவர் ஏப்ரல் நடுப்பகுதியிலே இலண்டனை அடைந்தார். சில வாரங்களின் பின் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிலே அவருக்கு அறை கிடைத்தது. ஆகஸ்டு மாதத்திலே முதலாம் உலக யுத்தம் மூண்டது. ஆசாரம் மிக்க வைணவக் குடும்பத்திலே பிறந்த அவர், கல்லூரி உணவு மண்டபத்திலே உண்பதைத் தவிர்த்துத் தம் அறையிலே தாமே சமைத்தார். யுத்தம் நீடிக்க நீடிக்க, காய்கறியும் பாலும் பழமும் வேண்டியவாறு கிடைக்கவில்லை. கணிதத்திலே ஆழ்ந்தபோது நேரமும் தெரிவதில்லை. பசி வந்தபோது அடுப்பு மூட்டுவதும், மூட்ட மறப்பதுமாக நாட்கள் சென்றன.

பிற்காலத்திலே புள்ளிவிவரவியலிற் புகழ்பெற்ற மகலனோபிஸ் அக்காலத்தில் அங்கே மாணவராயிருந்தார். இராமானுஜன் இரவிலே குளிரால் வருந்துவதை அறிந்து அவர் அறைக்குள்ளே சென்று பார்த்தாராம். படுக்கையின்மேல் கம்பளிகள் நன்றாக இழுத்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்பதை இராமானுஜனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மேலங்கியோடு அக்கம்பளிகளின் மேலேயே படுத்துவந்தார்! எத்துணை நுட்பமான சமன்பாடுகளை எழுதிய கை! ஆனால் ஒரு கம்பளியை எவ்வாறு போர்த்துவது என்று கேட்பதற்கு அருகிலே ஆள் இல்லை, அல்லது கேட்க மனம் வரவில்லை.

இன்னொரு செய்தியும் அவர் வாழ்க்கை வரலாற்றிலே காணப்படுகிறது. ஒருநாள் இந்திய நண்பர் ஒருவரையும், அவர் மணம் பேசியிருந்த பெண்ணையும் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். இரசத்தை இருமுறை வாங்கி உண்ட விருந்தினர் மூன்றாம் முறை வேண்டாம் என்றனர். சிறிது நேரத்திலே இராமானுஜனைக் காணவில்லை. சில நாட்கள் கழித்து ஒக்ஸ்போர்டிலிருந்து தந்தி வருகிறது, ஐந்து பவுண் அனுப்பும்படி. விருந்தினர் மறுத்தது தம் உணவையன்று, தம்மையே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதனைப் பித்து என்று தள்ளிவிடலாகாது. மாதக்கணக்காகத் தனியே சமைத்துத் தனியே உண்டவன், ஒருநாள் தன் வீட்டு மணத்தைப் பிறர்முன் வைக்கிறான். அந்த இரசத்திலே கும்பகோணம் முழுவதும் கரைந்திருந்தது. அதனை வேண்டாம் என்றபோது அவர் பட்டது எவ்வளவு என்பதைத் தனியே உண்டு பழகியவர்களே அறிவர்.

1917ஆம் ஆண்டு நோய் அவரைப் படுக்கையிலே கிடத்தியது. ஆரோக்கியசாலை மாற்றி ஆரோக்கியசாலையாகக் கொண்டுபோனார்கள். சயரோகம் என்று வைத்தியர்கள் கருதினர். திறந்த காற்றே மருந்து என்று நம்பிய காலம் அது. குளிருக்கு அஞ்சிய தேகத்தைக் குளிர்காற்றிலே வைத்தார்கள். ஊரிலிருந்து கடிதங்களும் அருகிவிட்டன. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்திலே மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார், தெய்வாதீனமாகப் பிழைத்தார். அதே ஆண்டிலேதான் ரோயல் சங்கத்தின் உறுப்பாண்மையும், திரினிற்றிக் கல்லூரியின் உறுப்பாண்மையும் அவரை வந்தடைந்தன. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி, முப்பத்திரண்டாம் வயதிலே மறைந்தார். 1994ஆம் ஆண்டு டி. ஏ. பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அந்நோய் சயரோகமன்று, முன்னரே இந்தியாவிலே பற்றிய சீதபேதிக் கிருமி ஈரலைத் தாக்கியதன் விளைவு என்று கருதினார். அவ்வாறாயின் சிகிச்சையால் தீர்த்திருக்கக்கூடிய நோய் அது. ஆகவே மரக்கறி உணவே அவரைக் கொன்றது என்று சொல்வது தவறு. அதே உணவோடுதான் காந்தியார் அந்நாட்டிலே மூன்று குளிர்காலங்களைக் கடந்தார். காந்தியார் காலத்திலே யுத்தமில்லை, உடம்பிலே மறைந்த நோயுமில்லை என்பதும் மெய்யே. ஆனால் ஒருவருக்குப் பந்தி கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. உடனிருந்து உண்பவன் ஒருவன், நீ ஏன் மெலிகிறாய் என்று முதல் மாதத்திலேயே கேட்டிருப்பான். பேராசிரியர் ஹார்டி கணிதத்திலே அவருக்கு உற்ற துணைவராயிருந்தார். ஆயினும் கரும்பலகையின் முன்னே நிற்பவனுடைய தட்டிலே என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறொரு வகை நட்பு.

இது பழங்கதை, இன்று இலண்டனிலே கிடைக்காத பொருளுண்டோ என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான். ஈஸ்ட்ஹாமிலும், ஹரோவிலும், ரூட்டிங்கிலும் நம்மவர் கடைகளிலே முருங்கைக்காயும், ஒடியல் மாவும், சிவப்புப் பச்சையரிசி மாவும் வாங்கலாம். இன்றைய மாணவனுக்குக் குறைவது பண்டமன்று, பொழுதும் பந்தியுமே. படிப்புக் காலத்திலே வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்ய இங்கிலாந்துச் சட்டம் இடந்தருகிறது. கடன்பட்டுச் சென்ற பிள்ளை அதனை முழுதும் பயன்படுத்தவே பார்க்கும். இரவு பதினொரு மணிக்குக் களஞ்சியத்திலிருந்து திரும்பிய பின்னர் எவன் சொதி வைப்பான்? வெந்நீர் ஊற்றிய நூடில்சும், பொரித்த கோழியும், இனிப்புப் பானமுமே ஆகாரமாகின்றன. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. அதில் அரைவாசிக்கு மேல் ஒரு நூடில்ஸ் பொதியிலேயே அடங்கிவிடுவதுண்டு. சமைக்க விரும்புவோருக்கும் ஓர் இடர் உண்டு. விடுதியின் பொதுச் சமையலறையிலே கறி தாளித்தால் மணம் பரவும். யாரேனும் மூக்கைச் சுளித்தால் போதும், நம் பிள்ளை மறுநாள் தொடக்கம் நள்ளிரவிலே சமைக்கத் தொடங்கும், அல்லது சமைப்பதையே விட்டுவிடும்.

நம்மவர் தேகத்துக்கென்றே சில எச்சரிக்கைகளும் உண்டு. உயரம் 170 சென்ரிமீற்றர் உள்ள ஆங்கிலேயன் 72 கிலோ வரை நிறுத்தால் வைத்தியர் கவலைப்படுவதில்லை. அதே உயரமுள்ள நம் இளைஞன் 66 கிலோவைத் தாண்டும்போதே சலரோக அபாயம் கூடத் தொடங்குகிறது. அடுத்தது வெயில். யாழ்ப்பாணத்திலே நாம் குடைபிடித்து விலக்கும் அந்த வெயிலே விற்றமின் டி-யின் ஊற்று. இங்கிலாந்திலே ஒக்டோபர் தொடக்கம் மார்ச்சு ஆரம்பம் வரை அது தோலிலே உற்பத்தியாகப் போதிய ஒளி இல்லை. கருநிறத் தோலுடையவர்கள் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் அளவு மாத்திரையாக எடுப்பது நன்று என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையே கூறுகிறது. சென்ற முதல் வாரத்திலேயே அருகிலுள்ள வைத்தியரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். விசாவோடு சுகாதாரக் கட்டணத்தையும் செலுத்திவிட்டுச் சென்றவர்கள் அதனைப் பயன்படுத்தாதிருப்பது அறியாமை.

மனத்தைப்பற்றி ஒரு பயனுள்ள செய்தி. 1955ஆம் ஆண்டு லிஸ்கார்ட் என்னும் நோர்வே ஆய்வாளர், அமெரிக்காவிலே படித்துத் திரும்பிய தம் நாட்டவர் ஏறத்தாழ 200 பேரை விசாரித்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும், பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்கு இணங்கி வாழ்ந்ததாகக் கூறினர். இடைப்பட்ட காலம் இருந்தவர்களே அதிகம் இடர்ப்பட்டனர். எல்லாருக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்று பிற்கால ஆய்வாளர் ஒப்புவதில்லை. எனினும் நம் பெற்றோர் இதனைச் சிந்திக்கவேண்டும். முதல் மாதத்திலே நாளுக்கு மூன்று முறை தொலைபேசியிலே அழைக்கிறோம். ஆறு மாதம் சென்றதும், பிள்ளை பழகிவிட்டது என்று ஆறுதலடைகிறோம். புதுமை தீர்ந்து, குளிரும் கடனும் பரீட்சையும் ஒருங்கே அழுத்தும் காலம் அதுவாகவும் இருக்கலாம்.

தொலைபேசியிலே நாம் கேட்பது ஒரே கேள்வி: சாப்பிட்டாயா? ஓம் என்று பதில் வரும். தாயிடம் இல்லை என்று சொல்லும் பிள்ளை எங்கே இருக்கிறது? யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் தாமதமானால் மேலும் பேசுங்கள். ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயர் தமிழ்ப் பெயராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரே வீட்டிலே ஐந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கூடிச் சமைத்து உண்பது முதலாண்டிலே பெரும் பாக்கியம். அந்த ஐவரைத் தவிர வேறொருவரையும் அறியாமல் மூன்றாண்டு கழிப்பது பாக்கியமன்று. நைஜீரியனும் சீனனும் தம் வீட்டுச் சோற்றை நினைத்துத்தான் அதே சமையலறையிலே நிற்கிறார்கள். இலண்டனிலும் பிற நகரங்களிலும் தமிழர் கோயில்கள் இருக்கின்றன. அவை இல்லாத ஊரிலே சீக்கியரின் குருத்துவாரா இருந்தால், யார் போனாலும் சாதி சமயம் கேளாது நிரையிலே இருத்தி மரக்கறி அன்னம் இலவசமாக இடுவார்கள். சைவப் பிள்ளைகள் கூசாது செல்லலாம்.

இறுதியாக ஒன்று. நம் வீடுகளிலே ஆண்பிள்ளைகளை அடுப்படிக்கு விடாத வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒருபுறம் மேல்வகுப்புப் பரீட்சைக்கு நான்கு இடங்களிலே பிரத்தியேக வகுப்பு. மறுபுறம் பருப்பு வேக எவ்வளவு நேரமாகும் என்று தெரியாத பதினெட்டு வயது. விசா கிடைத்த நாள் தொடக்கம் விமானம் ஏறும் நாள்வரை எப்படியும் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கும். அந்நாட்களிலே மதியச் சமையலைப் போகிற பிள்ளையிடமே, மகனானாலும் மகளானாலும், ஒப்படைத்துவிடுங்கள். சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு சொதி போதும். காய்கறி வாங்கி வருவதும், பின்னர் பாத்திரம் கழுவுவதும் அதே கையாக இருக்கட்டும். அயல்வீட்டார் ஒருவரையும் சாப்பிட அழைக்கச் சொல்லுங்கள். முதற் கிழமை சோறு குழையும், சொதி திரையும். ஒன்றும் சொல்லாமல் எல்லாருமாக இருந்து உண்டுவிடுங்கள்.